மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூ

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பது தமிழில் வழங்கும் பழமொழி. கரும்பாலை உள்ள ஊரார், அது இல்லாத ஊராரைச் சிறிது ஏளனத்தோடு பார்த்துச் சொன்ன சொல் இது. ஆயினும் இதில் ஒரு பொருளாதார உண்மை அடங்கியுள்ளது. சர்க்கரையும் வெல்லமும் விலை கொடுத்து வாங்க இயலாத மக்களுக்கு, உழவும் உரமும் இன்றி ஆண்டுதோறும் இனிப்பை உதிர்த்துத் தரும் மரம் ஒன்று இந்நாட்டில் உள்ளது என்பதே அது.

நம் நாட்டில் உண்ணப்படும் பூக்கள் பல. வாழைப் பூ, அகத்திப் பூ, முருங்கைப் பூ, வேப்பம் பூ ஆகியவை பல மாநிலச் சமையலில் இடம்பெறுகின்றன. இவையெல்லாம் சோற்றுக்குத் துணையாக வருபவை. தானியம்போல் உலர்த்திக் குதிரில் சேமித்து, மாதக்கணக்கில் பசிக்கு உண்ணப்படும் பூ என்றால் அது இலுப்பைப் பூ ஒன்றே எனலாம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா, மகாராஷ்டிரத்தின் கிழக்கு மாவட்டங்கள், குஜராத்தின் கிழக்கு மலைப்பகுதி ஆகிய இடங்களில் கோண்டுகள், பீல்கள், சந்தால்கள், ஓரான்கள் முதலிய பழங்குடி மக்களின் வாழ்வில் இப்பூவுக்கு நெல்லுக்கும் சோளத்துக்கும் அடுத்த இடம் உண்டு. அங்கு இதன் பெயர் மகுவா. தென்னிந்திய இலுப்பையும் மத்திய இந்திய மகுவாவும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்பர் தாவரவியலார். தெற்கில் உள்ளதன் இலை ஒடுங்கியது. வடக்கில் உள்ளதன் இலை அகன்றது. இரண்டும் சப்போட்டா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இத்தகைய பொருள் ஒன்றை நமது சட்டங்களும் கணக்கேடுகளும் நெடுங்காலமாக உணவாகக் கருதவில்லை. சாராயத்துக்கான மூலப்பொருளாகவே கருதி வந்துள்ளன. பூவைப் பொறுக்கும் குடும்பத்தின் வருமானம், பூ விற்கப்படும் முறை, மரத்தின் எதிர்காலம் ஆகிய மூன்றையும் இக்கருத்து பாதித்துள்ளது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூவும் அதன் அறுவடையும்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் மகுவா மரம் இலையுதிர்த்து நிற்கும்போது கிளை நுனிகளில் பூங்கொத்துகள் தோன்றுகின்றன. இப்பூவில் உண்ணத்தக்க பகுதி அதன் அல்லி வட்டம். வெளிர் மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றோடும் சாறோடும் திராட்சை அளவில் இருக்கும் இது இரவின் பிற்பகுதியில் உதிரத் தொடங்கி, முற்பகல் வரை உதிர்கிறது. பெண்களும் சிறுவர்களும் விடியலுக்கு முன்பே கூடைகளுடன் மரத்தடிக்குச் சென்று, குனிந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்குகின்றனர். சில வாரங்களே நீடிக்கும் இப்பருவத்தில் ஊரில் பிற வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

பச்சைப் பூவில் பெரும்பகுதி நீர். முற்றத்தில் சில நாள் வெயிலில் உலர்த்தினால் அது சுருங்கிச் செம்பழுப்பு நிறம் பெறுகிறது. ஏறத்தாழ நான்கு கிலோ பச்சைப் பூவிலிருந்து ஒரு கிலோ உலர்ந்த பூ கிடைக்கும். உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. சிறிதளவு சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உள்ளன, புரதம் குறைவு. எனவே இதனை முழு உணவு என்று கூற இயலாது. உடலுக்கு விரைவில் ஆற்றல் தரும் மாவுப்பொருள் உணவு என்று மதிப்பிடுவதே சரியாகும். இதனுடன் எதைச் சேர்த்து உண்பது என்பதைப் பழங்குடிப் பெண்கள் நீண்ட அனுபவத்தால் அறிந்துள்ளனர். பூவை வறுத்து எள்ளுடனோ கடலையுடனோ இடித்து உருண்டை செய்கின்றனர். பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் இதற்கு லட்டா என்று பெயர். பூவை வேகவைத்துப் புளியங்கொட்டையுடனோ சால் மர விதையுடனோ சேர்த்து உண்பது பஞ்ச காலத்து உணவாக இருந்தது. பூவை மாவுடன் பிசைந்து ரொட்டி சுடுவதும் உண்டு. ஜார்ஜ் வாட் 1889க்கும் 1893க்கும் இடையே வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி இம்மரத்துக்கு விரிவான இடம் ஒதுக்கியுள்ளது. அக்கால அதிகாரிகளும் இதன் உணவுப் பயனை அறிந்தே இருந்தனர் என்பதற்கு அது சான்று.

மருந்தாக இதன் பயன்பாடு பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும். பூவைப் பாலில் காய்ச்சி இருமலுக்கும் உடல் தளர்ச்சிக்கும் கொடுப்பதும், பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளித்து ஈறு வீக்கத்தைத் தணிப்பதும், விதை எண்ணெயை மூட்டு வலிக்குத் தடவுவதும் நாட்டு மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வழக்கில் உள்ளவை. இவையனைத்தும் மனிதர்களிடையே நடத்திய முறையான சோதனைகளால் நிறுவப்பட்டுவிட்டன என்று கூற இயலாது. மேலும், வடமொழி நூல்களில் மதுகம் என்ற சொல் இலுப்பையையும் குறிக்கும், அதிமதுரத்தையும் குறிக்கும். ஒன்றுக்குக் கூறிய குணத்தை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்லும் விளம்பரங்கள் இன்று மிகுந்துள்ளன. மாணவர்கள் இவற்றைப் பிரித்தறிதல் நலம்.

விதையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. ஜூன், ஜூலை மாதங்களில் பழுக்கும் கனியின் விதைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. டோரி எண்ணெய் என்று மத்தியப் பிரதேசத்தில் அழைக்கப்படும் இது குளிர்ந்தால் உறைந்து வெண்ணெய் போலாகும். மலைக் கிராமங்களில் சமையலுக்கும், நகரங்களில் சோப்புத் தொழிலுக்கும் பயன்படுகிறது. தமிழகக் கோயில்களில் இலுப்பை எண்ணெய் விளக்கு எரிந்ததை நாம் அறிவோம். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் சபோனின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் அதைக் கால்நடைகளுக்கு அப்படியே கொடுக்கலாகாது. அதே நச்சு மீன் வளர்ப்போருக்கு உதவுகிறது. குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி போன்ற வேண்டாத மீன்களை அகற்ற, ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு 2,500 கிலோ பிண்ணாக்கு இடுமாறு மீன்வளத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். இரண்டு மூன்று வாரங்களில் நச்சுத்தன்மை நீங்கி, அதுவே குளத்துக்கு உரமாகிவிடுகிறது. செயற்கைப் பூச்சிக்கொல்லி ஒன்றால் இந்த இரண்டாவது பயன் கிடைக்காது.

சட்டம் கண்ட பூ

மகுவாப் பூவை ஊறவைத்துப் புளிக்கச் செய்து காய்ச்சினால் சாராயம் கிடைக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு, குலதெய்வ வழிபாடு ஆகியவற்றில் பழங்குடியினர் இதைப் பயன்படுத்துவது தொன்றுதொட்ட வழக்கம். பிரிட்டிஷ் ஆட்சி கலால் வரியைப் பெரும் வருவாய் இனமாக வளர்த்தபோது இவ்வழக்கம் அரசுக்கு இடையூறாகத் தோன்றியது. வீட்டில் காய்ச்சுபவன் குத்தகைதாரரின் கடையில் வாங்க மாட்டான் அல்லவா? 1878ஆம் ஆண்டு பம்பாய் ஆப்காரிச் சட்டம் சாராய உற்பத்தியை ஒருமுகப்படுத்தியது. அதுவும் போதாது என்று கருதி, 1892இல் மௌரா சட்டம் என்ற தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தாணா, கொலாபா மாவட்டங்களில் மகுவாப் பூவை மக்கள் வைத்திருப்பதையே அது கட்டுப்படுத்தியது. பூ ஏழைகளின் உணவு என்ற வாதம் அப்போதே எழுப்பப்பட்டது. வருவாய்த் துறையின் வாதமே வென்றது.

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது; கருவி மாறவில்லை. 1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் மகுவாப் பூவின் கையிருப்பையும் விற்பனையையும் போக்குவரத்தையும் தனது கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. அன்று வருவாய்க்காகவும், பின்னர் மதுவிலக்குக்காகவும் கட்டுப்படுத்தப்பட்டது ஒரே பூ. இரு காலத்திலும் பூவைச் சுமந்து சந்தைக்குச் சென்ற பெண் அச்சத்தோடுதான் சென்றாள். மகாராஷ்டிர அரசு 2021இல் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

இதற்கிடையே வேறொரு சட்ட நெறியும் வளர்ந்தது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டத்தின் நான்காம் பிரிவு, மதுப்பொருள்களைத் தடைசெய்யவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிகளுக்கும் அதிகாரம் அளிக்க வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே சிறு வன விளைபொருள்களின் உடைமையையும் அவற்றுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. மகுவா இவ்விரு வரிகளுக்கும் உரியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாக, மரபாகச் சேகரித்து வந்த சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் வனவாழ் மக்களுக்கு உடைமை உரிமையை வழங்கியது. உரிமை வனச் சட்டத்தில் இருக்க, தடை கலால் விதியில் இருந்தால், சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் எதைப் பின்பற்றுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாம் அன்றாடம் கையாளும் விதியையே பின்பற்றுவார்.

கொள்முதல் கொள்கையிலும் இதே தயக்கம் தென்பட்டது. சிறு வன விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கும் மத்தியத் திட்டம் 2013-14இல் தொடங்கியபோது, முதற்பட்டியலில் மகுவா விதை இடம்பெற்றது. அதைவிடப் பன்மடங்கு மக்கள் பொறுக்கும் மகுவாப் பூ பின்னரே சேர்க்கப்பட்டது. விதையிலிருந்து எண்ணெய் வரும். பூவிலிருந்து சாராயம் வரும் என்ற பழைய நினைவே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது என் கருத்து.

விலை ஏன் குறைகிறது

பொறுக்கும் குடும்பத்துக்குப் பூ வருவது ஏப்ரலில். திருமணங்களும் கடன் தவணைகளும் வருவதும் அதே காலத்தில். எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் ஒரே சந்தைக்குப் பூவைக் கொண்டுவருவதால் விலை சரிகிறது. வைத்திருந்து மழைக்காலத்தில் விற்கலாமே என்று பொருளாதார மாணவர் கேட்கலாம். சர்க்கரை மிகுந்த உலர் பூ காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையது. ஓட்டு வீட்டில் மூட்டை கட்டி வைத்தால் ஆடி மாதத்துக்குள் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். நகரத்து வியாபாரியிடம் கிடங்கும் குளிர்பதன வசதியும் உள்ளன. ஆகவே அவர் ஏப்ரலில் வாங்கிப் பற்றாக்குறை மாதங்களில் விற்கிறார். சில இடங்களில் பொறுக்கிய குடும்பமே அப்பூவை அதிக விலைக்கு மீண்டும் வாங்குகிறது. இடைத்தரகரின் பேராசை மட்டுமே இதற்குக் காரணம் என்று எழுதுவது எளிது. ஈரம் புகாத கிடங்கு ஒன்று இல்லாமையும் அதே அளவு காரணமாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் பருவத்தில் 200 கிலோ உலர் பூ சேர்க்கிறது என்று கொள்வோம். இதற்கு ஏறத்தாழ 800 கிலோ பச்சைப் பூவைக் கையால் பொறுக்கியிருக்க வேண்டும். 2020இல் சத்தீஸ்கர் அரசு அறிவித்த கிலோவுக்கு 30 ரூபாய் என்ற விலையில் இதன் மதிப்பு 6,000 ரூபாய். விலையில் 10 ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் அக்குடும்பத்தின் வருமானம் 2,000 ரூபாய் மாறும். அறிவிக்கப்பட்ட விலை கிராமத்துச் சந்தையில் கிடைக்க வேண்டுமானால், அங்கு அரசின் சார்பில் வாங்குபவர் ஒருவர் பருவத்தின் முதல் வாரத்திலேயே பணத்துடன் இருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் திறக்கும் கொள்முதல் நிலையத்தால் பயனடைபவர், முதல் வாரத்தில் வாங்கி வைத்த வியாபாரியே.

பூவை உணவாகச் சந்தைப்படுத்தும் முயற்சிகள் அண்மையில் தொடங்கியுள்ளன. 2018 ஏப்ரலில் சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் தொடங்கப்பட்ட வன்தன் திட்டத்தின்கீழ் மகளிர் குழுக்கள் மகுவா லட்டு, பாகு, ஊறுகாய் முதலியன செய்கின்றன. 2021இல் சத்தீஸ்கரின் கோர்பா மாவட்டத்து உலர் மகுவாப் பூ கடல்வழியாகப் பிரான்சுக்கு ஏற்றுமதியாயிற்று. மறுபுறம், மத்தியப் பிரதேச அரசு 2021 நவம்பரில் பாரம்பரிய மது என்ற பெயரில் மகுவாச் சாராயத்தைப் பழங்குடி மகளிர் குழுக்களே சட்டபூர்வமாகத் தயாரித்து விற்கலாம் என அறிவித்தது. இதனைக் குற்ற முத்திரை நீங்கியதாக வரவேற்போரும் உள்ளனர். குடிப்பழக்கம் பெருகும் என அஞ்சுவோரும் உள்ளனர். அஞ்சுவோரில் பழங்குடிப் பெண்களும் அடங்குவர் என்பதால் அவ்வச்சத்தைப் புறக்கணிக்க இயலாது.

தீயும் வௌவாலும்

உணவுக்குரிய பூவுக்கும் சாராயத்துக்குரிய பூவுக்கும் உள்ள வேறுபாடு தூய்மையில் உள்ளது. சாராயம் காய்ச்சுபவருக்கு மண்ணும் சருகும் ஒட்டிய பூவே போதும். உணவுத் தொழிலுக்கு அது பயன்படாது. இங்குதான் சுற்றுச்சூழல் கேள்வியும் வருகிறது. பூ உதிரும் காலமும் இலையுதிரும் காலமும் ஒன்றாதலால், மரத்தடியில் சருகு மூடியிருந்தால் பூ கண்ணுக்குத் தெரியாது. எனவே பருவத்துக்கு முன் சருகுக்குத் தீ வைத்து நிலத்தைத் துப்புரவாக்குவது வழக்கம். வறண்ட காற்றில் அத்தீ பரவிக் காட்டுத்தீயாகிறது. மத்திய இந்தியக் காடுகளில் கோடைத் தீக்கு இது ஒரு முக்கியக் காரணமென வனத்துறையினர் கூறுகின்றனர். தீயில் சருகோடு முளைத்து நிற்கும் மகுவாக் கன்றுகளும் அழிகின்றன. பூவையும் விதையையும் மனிதர் பொறுக்கிவிட, தப்பி முளைத்தவற்றைத் தீயும் மேய்ச்சலும் எடுத்துக்கொள்கின்றன. பல ஊர்களில் முதிர்ந்த மரங்கள் உள்ளன, இளமரங்கள் இல்லை.

இதற்கு மாற்றாக மரத்தடியில் நிலத்துக்குச் சற்று மேலே வலை கட்டும் முறை மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பரப்பப்பட்டு வருகிறது. பூ மண்ணைத் தொடுவதில்லை. சருகை எரிக்க வேண்டியதில்லை. குனிந்து பொறுக்கும் உழைப்பும் குறைகிறது. விடியலுக்கு முன் காட்டுக்குள் செல்ல வேண்டிய கட்டாயமும் தளர்கிறது. மகுவாப் பூவைக் கரடி விரும்பித் தின்னும். வடக்கு பிலாஸ்பூர்க் காடுகளில் வன விளைபொருள் பொறுக்கச் சென்றோர் கரடியால் தாக்கப்பட்டமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. வலைக்கு முதலீடு தேவை. தூய பூவுக்குக் கூடுதல் விலை உறுதியானால் மட்டுமே ஒரு குடும்பம் அம்முதலீட்டைச் செய்யும். அதே விலைதான் கிடைக்கும் என்றால் தீப்பெட்டியே மலிவு.

மரத்தின் இனப்பெருக்கத்தில் மற்றொரு பங்காளியும் உண்டு. இரவில் மணம் வீசும் இப்பூக்களைத் தேடிப் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. பூ முழுவதும் விரியும் முன்பே சூல்தண்டு வெளியே நீண்டு நிற்கும். இனிய அல்லியைக் கடிக்கும் வௌவாலின் முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்தின் சூல்முடிக்குச் சேர்கிறது. கனிப் பருவத்தில் அவையே விதையைத் தொலைவுக்குக் கொண்டுசென்று போடுகின்றன. இத்தொண்டைச் செய்யும் பழந்தின்னி வௌவால்களை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, காக்கை ஆகியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஓரிரு அரிய இனங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது; திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பூவைச் சாராயமாகக் கண்ட சட்டமும் வௌவாலைத் தீங்காகக் கண்ட சட்டமும் ஒரே மரத்தின்மேல் நெடுங்காலம் செயல்பட்டு வந்தன.

புதிய மரங்கள்

மகுவா மெதுவாக வளரும் மரம். நட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே பூக்கத் தொடங்கும். அதன்பின் ஒரு தலைமுறையைக் கடந்தும் பயன் தரும். இதனால் ஐந்தாண்டுக் கணக்கில் இலக்கு காட்ட வேண்டிய நடவுத் திட்டங்களில் யூகலிப்டசும் சவுக்கும் பெற்ற இடத்தை மகுவா பெறவில்லை. அணைக்காகவோ சுரங்கத்துக்காகவோ ஒரு காடு எடுக்கப்படும்போது, ஈடாக நடப்படும் கன்றுகளின் எண்ணிக்கை கோப்பில் பதிவாகிறது. வெட்டப்பட்ட மகுவா மரம் ஒவ்வோராண்டும் ஒரு குடும்பத்துக்குத் தந்துவந்த பூவின் மதிப்பு அந்தக் கோப்பில் எந்த இனத்தில் பதிவாகிறது என்று அலுவலர்கள் பார்க்க வேண்டும்.

நாற்றங்கால் முறை கடினமானதன்று. மகுவா விதை முளைப்புத் திறனை விரைவில் இழக்கும். எனவே கனி பழுக்கும் ஜூன், ஜூலையில் திரட்டிய விதையை அடுத்த ஆண்டுக்கு என்று வைக்காமல் அப்போதே பையில் ஊன்ற வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பை நீளமானதாக இருத்தல் வேண்டும். நட்ட பின் முதல் சில ஆண்டுகள் ஆட்டிடமிருந்தும் தீயிடமிருந்தும் காக்க முள்வேலி அவசியம்.

கடினமானது உரிமையே. பல பழங்குடிக் கிராமங்களில் காட்டிலுள்ள ஒவ்வொரு மகுவா மரமும் எந்தக் குடும்பத்தினது என்பது ஊராருக்குத் தெரியும். மரம் தந்தையிடமிருந்து மக்களுக்குப் பாகமாக வருவதும் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் அது இராது. பழைய மரங்களுக்கு ஊர் வழக்கு போதுமானது. பொது நிலத்தில் வனத்துறை இன்று நடும் கன்று பத்தாண்டு கழித்துப் பூக்கும்போது அப்பூ எவருடையது? கிராம சபை நடும்போதே தீர்மானம் எழுதி, வேலி கட்டிக் காக்கும் குடும்பத்தின் பெயரை மரத்தோடு சேர்த்துப் பதிவு செய்துவிட்டால், அக்குடும்பம் கன்றைக் காக்கும். வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சமூக வன உரிமை பெற்ற கிராமங்களில் இதற்குத் தனி ஆணை எதுவும் தேவையில்லை. சபையின் தீர்மானப் புத்தகமே போதும்.